மோட்டார் விளம்பரத்தில் கிருபாபாய்

ஒரு காலத்தில் கிருபாபாய் மேடையேறினால் சித்தூர் ஜனம் நாற்காலி மேலேறி நின்று ஆடும். தொண்ணூறுகளில் அவள் பாடிய மூன்று பாப் கேசட்டுகள் வேலூர் வரைக்கும் விற்றன. இப்போது வயது அறுபத்து மூன்று. இடது முழங்காலில் வலி உண்டு. தொண்டையில் ஒரு குறையும் இல்லை. வெகுநாள் கழித்து ஒரு புதுப் பாட்டுக் கட்டியிருந்தாள். கணவர் ஆசிர் பேஸ் கிட்டார் வாசிக்க, வீட்டிலேயே பதிவு செய்தார்கள். 'நிக்காத நிக்காத மனசே, ஆககே ஆககே மனசா' என்று தமிழில் ஒரு தரமும் தெலுங்கில் ஒரு தரமும் மனசை நிற்காமல் ஓடச் சொல்லும் பாட்டு.

அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு திருப்பதிக்குப் பஸ் ஏறினாள். அலிபிரி ரோட்டில் இருந்த எஃப்.எம். நிலையத்தில் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் தமிழ்ப் பாட்டுப் போடுவார்கள். பாட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் விஷ்ணுப்ரியா அரை நிமிஷம் கேட்டாள். கால் தாளம் போட்டது. ஆனால் முகம் சங்கடப்பட்டது.

"வாய்ஸ் சூப்பர் மேடம். ஆனா எங்க ஆடியன்ஸ் பதினெட்டுலேர்ந்து முப்பது. பழைய சிங்கர்ஸ் வேணாம்னு ஹெட் ஆபீஸ்ல சொல்லியிருக்கா."

"பாட்டுக்கு ரெண்டு மாசந்தாம்மா ஆவுது!"

"பாடறவங்களையும் பார்க்கறா மேடம். லிஸ்ட் அங்கேர்ந்துதான் வரும். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பொய் சொல்லவில்லை என்று அவள் கண்ணிலேயே தெரிந்தது. அதனால் கோபப்படக்கூட முடியாமல் கிருபாபாய் வெளியே வந்து வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் இருந்த கட்டம்போட்ட சட்டைக்காரர் அவளையே உற்றுப் பார்த்தார்.

"அக்கா, நீங்க பாப் கிருபா இல்ல? மிஷன் கிரவுண்டுல உங்க பாட்டுக்கு ஆடி என் செருப்பு ஒண்ணு போச்சு!"

அவர் தணிகைவேல். கங்காதர நெல்லூரில் தண்ணி மோட்டார் கடை வைத்திருப்பவர். கடைக்கு விளம்பரம் கொடுக்க வந்திருந்தார். புதுப் பாட்டைப் போனில் போட்டுக் காட்டினாள். முதல் வரியிலேயே அவர் துள்ளி எழுந்தார்.

"அக்கா, இது என் மோட்டாரப் பத்தின பாட்டு! நிக்காம ஓடுது பாருங்க!"

"இன்னாய்யா நீ, என் மனசப் பத்தி எழுதினேன்."

"மோட்டாருக்கும் பொருந்துதே. குடுங்க அக்கா, விளம்பரமாப் போட்டுடறேன்."

கிருபாபாய்க்குச் சுருக்கென்றது. பாப் பாடகி போய்த் தண்ணி மோட்டாருக்கா? ஆசிருக்குப் போன் போட்டாள்.

"பாட்டு ரேடியோல வருதா இல்லியா? அதச் சொல்லு மொதல்ல" என்றார் அவர்.

அவள் சிரித்துவிட்டாள். பல்லவியின் நாலு வரியில் ஒன்றையும் வெட்டக்கூடாது, கடைசியில் பாடியவர் பேரைச் சொல்லவேண்டும் என்று மட்டும் கேட்டாள். விளம்பரப் பிரிவு அடுத்த அறைதான். அங்கே யாரும் வயது கேட்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து பாட்டு ஒரு நாளைக்குப் பத்து தரம் வந்தது. ஆட்டோவில் வந்தது, டீக்கடையில் வந்தது. தமிழ் நேரத்துக்குப் போன் பண்ணியவர்கள் "மோட்டார் பாட்டு ஃபுல்லாப் போடுங்க" என்று நச்சரித்தார்கள். லிஸ்டில் இல்லை என்று விஷ்ணுப்ரியா எத்தனை பேருக்குத்தான் சொல்வாள்? ஒருத்தன் போனிலேயே பாடிக் காட்டினான். அதுவும் நேரடியாகவே ஒலிபரப்பானது.

ஒரு மாதம் பொறுத்து விஷ்ணுப்ரியாவே கிருபாபாயைக் கூப்பிட்டாள்.

"மேடம், ஹெட் ஆபீஸ் லிஸ்ட் இன்னும் மாறலை. ஆனா காலேஜ்ல நாங்க நடத்தற ஃபெஸ்டுக்கு யாரக் கூப்பிடணுங்கறது என் இஷ்டம். வருவேளா?"

"வராம? புடவ எடுத்து வெச்சுக்கினு உக்காந்திருக்கறேன்."

திருப்பதியில் ஃபெஸ்ட் நடந்த மத்தியானம், முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு அவள் மேடையேறியபோது, "மோட்டார் ஆன்ட்டி!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். ஒரு கணம் அவள் முகம் சுருங்கியது. பாப் கிருபாவுக்கு இப்படியொரு பேரா? ஆனால் ஆசிரின் கிட்டார் தொடங்கியதும், யாரும் கேட்டிராத சரணத்துக்குக்கூடக் கூட்டம் கை தட்டியது. பல்லவி வந்ததும் அவளைப் பாடவிடவில்லை. தமிழ் வரியை ஒரு பாதியும் தெலுங்கு வரியை மறு பாதியும் பிடித்துக்கொண்டு அவர்களே பாடினார்கள். முன்வரிசையில் தணிகைவேல் தன் கடை நோட்டீஸ் கொடுப்பதை மறந்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. "ஒன்ஸ் மோர்!" என்றார்கள்.

"அதே பாட்டு வேணாம். இன்னும் மூணு கேசட் கெடக்குது" என்றாள் கிருபாபாய். அவள் சொல்லி முடிப்பதற்குள் ஆசிர் அடுத்த பாட்டைத் தொடங்கியிருந்தார்.