உறுப்பினருக்கு விட்ட ஜன்னலோரம்

...அப்படியென்றால் இந்த இருக்கை இதுவரை மதுரைக்கு எத்தனை தடவை தனியாகப் போய் வந்திருக்கும், டிக்கெட் இல்லாமல், பாஸ் இல்லாமல், துணைக்கு ஓர் ஆள்கூட இல்லாமல்... ஜன்னலுக்கு மேலே சிவப்புப் பெயிண்டில் ‘சட்டமன்ற உறுப்பினர்’ என்று எழுதி, கீழே இருவர் உட்காரும் பச்சை ரெக்சின் சீட்டு, கிழிசல் இல்லை, கறை இல்லை, பஸ்ஸிலேயே அது ஒன்றுதான் புதுசாக இருக்கிறது, யாராவது உட்கார்ந்தால்தானே கிழிய. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் முகூர்த்த நாள் கூட்டம் முண்டியடித்து ஏறி, சீட்டெல்லாம் நிறைந்து, நடுவழியும் நிறைந்து, இது மட்டும் விரதம் இருப்பதுபோல் காலியாக. அம்மா ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வயிற்றில் ஆபரேஷன் தையல் இருக்கிறது, அதைப் பிரிக்கத்தான் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். ரொம்ப நேரம் நிற்கக் கூடாது, தையல் விட்டுவிடும், மறுபடியும் கிழித்துத்தான் தைக்கணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், எந்த பஸ்ஸில் நிற்காமல் போகலாம் என்று மட்டும் சொல்லவில்லை. உட்காரும்மா என்றேன். அம்மா அந்தச் சிவப்பு எழுத்தை ஜெபப் புத்தகம் மாதிரி உதட்டை அசைத்துப் படித்துவிட்டு, “வேணாம் தனிசு, பெரிய ஆளுக சீட்டு” என்றாள். ஸ்தனிஸ்லாஸ் என்று ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவள் வாயில் எப்போதும் பாதிதான் வரும்.

பெரிய ஆள். அந்தப் பெரிய ஆளை அனுப்பி வைத்தது யார், என் அம்மா செபஸ்தியம்மாள்தானே, ஒரு தேர்தல் தவறாமல் விடியற்காலையில் முதல் வரிசையில் நின்று, விரலில் மையோடு வந்து, அந்த விரலாலேயே எனக்குத் தோசை சுட்டுப் போட்டவள்... போன மாதம் கல்லூரிச் சுவரொட்டிப் பத்திரிகையில் நான் எழுதியதை அவள் படிக்கவில்லை. சபையில் மற்ற நாளெல்லாம் கூச்சல், வெளிநடப்பு, மைக்கைப் பிடுங்குவது. தங்கள் சம்பளத்தைத் தாங்களே கூட்டிக்கொள்ளும் மசோதா வரும் நாளில் மட்டும் ஒரு தும்மல்கூடக் கிடையாது, ஆகவே மக்கள் ஒற்றுமைக்காக அந்த மசோதாவைத் தினமும் கொண்டுவரலாம் என்று யோசனை சொல்லியிருந்தேன். உறுப்பினருக்கு விடுதி, டெலிபோன், ரயில், பஸ், எல்லாவற்றிலும் துணைக்கு ஒருவர் இலவசம், தனியாகப் போனால் தொலைந்துபோவார் போலிருக்கிறது என்றும் எழுதியிருந்தேன். கல்லூரி முதல்வர் ஃபாதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடியே அதைச் சுவரிலிருந்து உரித்து எடுத்தார். அந்தச் சிரிப்பை நான் பாராட்டு என்று கணக்கில் வைத்துக்கொண்டேன். ஆனால் எழுதும்போது இந்த சீட்டு எனக்குத் தோன்றவே இல்லையே, ஆள் வராத இடத்துக்கும் டீசல் ஊற்றுகிறார்களே, சபையில் காலி நாற்காலிக்கும் சேர்த்துத்தானே ஏ.சி. ஓடுகிறது, இது ஏன் தோன்றவில்லை... பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அம்மா “சேசுவே” என்றாள். நான் அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தேன்.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஏம்ப்பா, எழுதியிருக்கிறது தெரியலையா என்றார். தெரியுதுண்ணே, எந்த எம்.எல்.ஏ.ன்னுதான் தெரியலை என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை, செக்கர் ஏறினால் மெமோ உனக்கா எனக்கா என்றார். நியாயமான கேள்வி, அதற்கு என்னிடம் பதில் இல்லை, பதில் இல்லாதபோது எதிர்க்கேள்வி கேட்பது அவை மரபு. “இந்த ரூட்ல இம்புட்டு வருசமா வாரீகளே, எத்தனை எம்.எல்.ஏ. ஏறியிருக்காக?” மனிதர் மோவாயைச் சொறிந்து உண்மையாகவே யோசித்தார். “ஒருத்தரு ஏறுனாரு. அவருகூட எம்.எல்.ஏ. இல்ல, அவரு மச்சினன்.” சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் சிவந்து, நீண்ட விசில். பேகம்பூர் தாண்டி பஸ் ஓரங்கட்டியது. “அப்பாஸு, என்னய்யா அங்க?” என்று டிரைவர் திரும்பினார். இந்த அம்மா எந்திரிச்சாத்தான் வண்டி என்றார் அப்பாஸ். சிரித்த அதே வாய்கள் இப்போது, தம்பி, உங்கம்மாவ எந்திரிக்கச் சொல்லுப்பா, முகூர்த்தம் போகுது... அம்மா எழுந்தே விட்டாள், நான் மறுபடி உட்கார வைத்தேன், என் குரல் எனக்கே சுவரொட்டி மாதிரி கேட்டது. காசு கொடுத்து டிக்கெட் எடுத்தவ நிக்கணும், ஓசிப் பாஸுக்கு சீட்டு காத்துக் கிடக்கணும், எங்கம்மா எந்திரிக்க மாட்டாக, ஸ்டேசனுக்கு விடுங்க... ஸ்டேசன் என்றதும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் படிக்கட்டுப் பக்கமிருந்து, காய்கறிக் கூடை மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண், “ஏய்யா, வயித்தப் புடிச்சிக்கிட்டு இருக்கவளப் பாத்து விசில் ஊதுறியே, உன் மெமோவ இந்தப் பேச்சாயி வாங்கிக்கிறேன், வண்டிய எடுக்கச் சொல்லு!” என்றாள். டிரைவர் எடுத்துவிட்டார். அப்பாஸ் என்னைப் பார்க்காமல், “அந்த அம்மா மட்டும் உக்காரட்டும்” என்று காற்றிடம் சொல்லிவிட்டுப் பின்னால் போனார்.

வென்றுவிட்டோம். தீர்மானம் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. இடதுபக்கம் சிறுமலை கூடவே வந்தது, அதற்கும் என்னைப் பார்த்துக் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும்... அடுத்த சுவரொட்டிக்குத் தலைப்புகூடத் தயார். சின்னாளப்பட்டி பிரிவில் ஒருவர் சுங்குடிச் சேலை மூட்டையோடு ஏறினார், நிற்கவே இடமில்லை, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டே நின்றார், அப்போதுதான் பார்த்தேன், அம்மா சீட்டின் விளிம்பில் இருக்கிறாள், நடுவழிப் பக்கம், பாதி உடம்பு வெளியே, ஜன்னலோரம் ஓர் ஆள் இடம் அப்படியே காலி. உள்ளே தள்ளி நன்றாக உட்காரும்மா என்றேன். “இருக்கட்டும்டா, நடுவுல அவரு ஏறுனா ஜன்னலோரமா உக்காருவாருல்ல, காத்து வரும்.” இதற்கு எந்த விதியின் கீழ் ஆட்சேபம் எழுப்ப... கொடைரோட்டில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் தங்கப் பேனாவோடு ஒருவர் ஏறினார். பஸ்ஸே மூச்சைப் பிடித்தது. அப்பாஸ் பையைச் சரிசெய்தார். அம்மா தையலைப் பிடித்துக்கொண்டு எழ, “ஸ்ஸ்” என்று அவள் பல்லிடுக்கில் வந்த சத்தம் என் விலாவில் குத்தியது. வந்தவர் எல்லாரையும் ஒருமுறை பார்த்து, “வாடிப்பட்டி நிக்குமாங்க?” என்றார். கல்யாணத்துக்குப் போகிறவர், அம்மா மறுபடி விளிம்பிலேயே உட்கார்ந்தாள். அவரும் நின்றார். அந்த வேட்டியோடு அந்த இடத்தில் தாராளமாக உட்கார்ந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், ஆனால் அவரும் சிவப்பு எழுத்தைப் படித்துவிட்டு நின்றார்.

ஆரப்பாளையத்தில் கூட்டம் இறங்கி முடித்தபின் அம்மா மெல்ல எழுந்தாள். தையல் விடவில்லை, நல்லாத்தான் இருக்கு என்றாள். பிறகு முந்தானையால் தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் துடைத்தாள். என்னம்மா பண்ற என்று கத்தினேன், அப்பாஸ்கூடத் திரும்பிப் பார்த்தார். இதை எழுதினால் ஃபாதர் எப்படிச் சிரிப்பார் என்று மனசு வாக்கியம் கட்ட ஆரம்பித்தது, ஓட்டுப் போட்ட கை சீட்டையும் துடைத்துக் கொடுக்கிறது... அம்மா என் தோளைப் பிடித்துப் படி இறங்கிக்கொண்டே, “அது சரி, நீயும் உக்காந்து வந்திருக்கலாம்லடா, பாதி சும்மாத்தான கெடந்துச்சு, அம்புட்டு தூரமும் நின்னே வந்தியே” என்றாள். கண்டக்டர் உன்னை மட்டும்தானே... என்று ஆரம்பித்தேன். ஆனால் அவர் சொல்வதற்கு முன்னாலும் நான் உட்காரவில்லையே. அவர் சொல்லை மதிக்கிற ஆளா நான், அவரோடு சண்டை போட்டவன் நான்தானே, ஸ்டேசனுக்கு விடுங்க என்றவன்... உள்ளங்கையில் கம்பியின் துருவாடை. திரும்பிப் பார்த்தேன், ஜன்னலோரப் பாதி ஒரு சுருக்கம்கூட விழாமல் பச்சையாக இருந்தது. அம்மா “கால் வலிக்குதாடா?” என்றாள்.