ராசாங்கம் பார்த்த தோல்பை

1

நான் அனுப்பி எனக்கே திரும்பி வந்த ஒரு கடிதத்தால்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். 'விலாசதாரர் வீடு மாறிப் போய்விட்டார்' என்று சிவப்பு மையில் எழுதி, தபால்காரர் போன மாதம் பள்ளிக்கூட வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். கடிதமாகப் போய்ச் சேராதது கதையாகவாவது சேரட்டும்.

என் பெயர் ஞானமுத்து. அரியலூருக்குத் தெற்கே, ஒரு பெரிய ஏரியை ஒட்டிய ஊரில் வாத்தியார். (ஏரியின் பெயரை எழுத மாட்டேன். துப்பாக்கி வைத்திருப்பவர்களும் கதை படிக்கிறார்கள்.)

தொடக்கத்தை இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன்.

'1947ஆம் வருஷம் தை மாதம் அரியலூர் ஸ்டேஷனில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் ரயிலை விட்டு இறங்கியபோது...' வேண்டாம். நான் அங்கே இல்லை.

'அன்று காலை ஏரியில் பத்தாயிரம் பறவைகள்...' இதுவும் வேண்டாம். எண்ணாததை எழுதக்கூடாது.

2

பெரியவரின் பெயர் சிவசுப்பிரமணியன். சென்னையில் வன இலாகா ஆபீசில் முப்பது வருஷம் நகல் எழுதிய குமாஸ்தா. எந்தக் காட்டில் எத்தனை யானை, எந்தக் காப்பகத்தில் எத்தனை புலி என்று பக்கம் பக்கமாக எழுதியவர், ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று மனைவி ஜெகதாம்பாளிடம், "எழுதினதையெல்லாம் ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாமா?" என்று கேட்டாராம்.

அப்படியே கிளம்பிவிட்டார்கள். முதுமலை, தேக்கடி, வேடந்தாங்கல், வடக்கே ஹெய்லி பூங்கா வரைக்கும் போனார்கள். காசிரங்காவின் காண்டாமிருகம் மட்டும் பாக்கி. அதற்குள் கண் மங்கத் தொடங்கியது. அறுவைக்கு நாள் குறித்த டாக்டர், "பார்வை நிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். பாக்க வேண்டியதை இப்பவே பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டார். அஸ்ஸாம் வரை போக நாள் இல்லை.

எங்கள் ஏரி காப்பகம் அல்ல. ஆனால் அவர் நகல் எடுத்த ஓர் அறிக்கையில் ஒரே ஒரு வரி இருந்தது: 'அரியலூர்ப் பக்கம் ஓர் ஏரி, குளிர்காலத்தில் நீர்ப்பறவைகள் மிகுதி, காவல் ஏதுமில்லை.' அதைத் தன் நோட்டிலும் குறித்து வைத்திருந்தவர், அந்த வரியை நம்பி, ஊர் வாத்தியார் என்று விலாசமிட்டு எனக்குக் கார்டு போட்டார். 'வன இலாகாவைச் சேர்ந்தவன். தை முதல் வாரம் பறவைகளைக் காண வருகிறேன்.' கண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

(குறிப்பு: காவல் ஏதுமில்லை என்பது தவறு. ஐப்பசியில் பறவைகள் வந்து இறங்கியதிலிருந்து பங்குனியில் கிளம்பும்வரை எங்கள் ஊரில் வேட்டு வெடிக்க மாட்டோம். கல்யாணத்துக்கும் கிடையாது, சாவுக்கும் கிடையாது. மாதா கோயிலில் கிறிஸ்து பிறப்புக்கும் மணி மட்டும்தான். ஐயனார் கோயில் வேட்டுக்காரர் வீரமுத்து அந்த ஆறு மாதமும் தன் இரும்புக் குழல்களை வைக்கோலுக்குள் மூடி வைத்துவிடுவார்.)

3

சண்டைக் காலத்தில் ஒரு தடவை வன இலாகா அதிகாரிகள் நாலு பேர் வந்தார்கள். ஒரே காலை நேரத்தில் நாரைகளைச் சுட்டுக் கால்களைக் கட்டி, ஜீப்பின் பக்கவாட்டில் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள். ஊர் அதை மறக்கவில்லை. இனிக் கதைக்கு வருகிறேன்.

ஏரிக்குப் பிரியும் கிளைச்சாலையில் அந்தக் கூண்டு வண்டியை முதலில் பார்த்தவன் ராசாங்கம். ஆடு மேய்ப்பவன், அவசரக்காரன். வண்டிக்குள் பெரியவரின் மடிமேல் நீளமான தோல்பை ஒன்று இருந்தது. ராசாங்கம் வயல் வழியே குறுக்கே ஓடினான்.

"வீரமுத்து! துப்பாக்கி வருது! வண்டி முக்குல திரும்பிருச்சு!"

"அய்யோ, ஏரி நெறைய கெடக்குதே!"

"ஒரு வேட்டு போட்டு வெரட்டு. பொழச்சுப் போவட்டும்."

"தையிலயா? ஊரு என்னைய சும்மா வுடுமா?"

"சுட்டப்புறம் ஊரு வந்து என்னா செய்யும்?"

வீரமுத்து வைக்கோலைப் பிரித்தார். மூன்று வேட்டு. முதல் வேட்டுக்கு ஏரி முழுவதும் எழுந்தது. மூன்றாவது வேட்டுக்கு வானமும் காலி.

4

ராசாங்கத்தை எப்படி எழுதினாலும் அவனுக்கு முகம் வரவில்லை. அவன் ஆடுகள் எத்தனை, அவன் யாருடைய மகன் என்று யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

ராசாங்கம் என்று எங்கள் ஊரில் யாரும் இல்லை. பையைப் பார்த்தவன் நான். ஓடியவன் நான். கார்டு என் சட்டைப்பையில்தான் இருந்தது. வண்டியை நிறுத்தி, "ஐயா, அந்தப் பையில் என்ன?" என்று கேட்டிருந்தால் போதும். ஒரு கேள்வி கேட்கும் நேரத்துக்கு ஒரு மனிதரை நல்லவர் என்று நம்பியிருக்கலாம். நம்பவில்லை.

5

கரைமேல் நான் போய் நின்றபோது ஜெகதாம்பாள் அம்மாள் தோல்பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே பித்தளைத் தூரதிருஷ்டிக் கண்ணாடி. பெரியவர் அதைக் கண்ணில் வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

"ஜெகதா, எனக்குத்தான் தெரியலியா? இல்ல, ஒண்ணுமே இல்லியா?"

அந்த அம்மாள் ஏரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் காலைப் பார்த்தேன்.

பின்னாலிருந்து வீரமுத்து வந்து கைகூப்பி நின்றார். "ஒங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்லீங்க சாமி. நாந்தான் வெரட்டிட்டேன். பையப் பாத்துத் துப்பாக்கின்னு நெனச்சிட்டேன். நாந்தாங்க பாத்தேன்."

அவர் பார்க்கவே இல்லை. என் பக்கம் திரும்பாமலே அதைச் சொன்னார்.

பெரியவர் கண்ணாடியைக் கண்ணிலிருந்து இறக்கினார். பிறகு, "சுட்டுடுவேன்னு பயந்தா வெரட்டினீங்க?" என்றார்.

"ஆமாங்க."

"ஜெகதா, நோட்டை எடு. 'காவல் ஏதுமில்லை'ங்கறதை அடிச்சுடு."

மறுநாள் மாலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்று அந்த அம்மாள் சொன்ன பிறகுதான் எங்களுக்குக் கண்ணின் விஷயம் தெரிந்தது. அன்று ராத்திரி ரயிலுக்கே போய்விட்டார்கள். வீரமுத்துவின் மனைவி பொன்னாயி, "பாக்க வந்த மனுசனுக்குக் காலி ஏரியக் காட்டிட்டு, எந்த மூஞ்சியோட கஞ்சி குடிக்கிற?" என்று அவரைத் திட்டினாள். அதையும் அவர் வாங்கிக்கொண்டார்.

பறவைகள் பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தன. கட்டுப்பாட்டை மீறியதற்காக ஐயனார் கோயில் வேட்டுத் திரி பற்றவைக்கும் உரிமையை ஊர் வீரமுத்துவிடமிருந்து வாங்கி வேறொருவர் கையில் கொடுத்தது. அன்றும் நான் வாய் திறக்கவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது.

6

நேற்று நாலாம் பகுதியை வீரமுத்துவிடம் படித்துக் காட்டினேன்.

"அத எடுத்துருங்க வாத்தியாரய்யா. ராசாங்கமே இருந்துட்டுப் போவட்டும். பள்ளிக்கொடத்துல புள்ளைங்க ஒங்க பேச்ச நம்ப வேணாமா?"

"அதுக்குத்தான் எழுதினேன் வீரமுத்து."

"நல்லா எழுதுனீங்க போங்க. இல்லாத மனுசன ஆடு மேய்க்க வுட்டுட்டு!" என்று சிரித்தார்.

நான் எடுக்கவில்லை. இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்ச் சாவடியில் இதை நானே படிக்கப் போகிறேன். அந்தப் பாதி முடிவு என் பொறுப்பு.

மறு பாதிக்கு மூன்று முடிவுகள் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் கண் பிழைத்து அவர் மறுபடி வருகிறார். ஒன்றில் அந்த அம்மாள்... வேண்டாம். மூன்றிலும் அவர் என்னை மன்னித்துவிடுகிறார். எழுதுகிறவனே தனக்கு மன்னிப்பு எழுதிக்கொள்வது ஆண்டவருக்கு அடுக்காது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். சென்னையில் உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ பழைய வன இலாகா குமாஸ்தா ஒருவர் புதிதாகக் குடிவந்திருக்கலாம். கூட ஜெகதாம்பாள் என்றொரு அம்மாள் இருப்பார். பித்தளைக் கண்ணாடி ஒன்று சுவரில் தொங்கலாம். உள்ளே போய் இதைப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள். இந்தத் தையில் கரையில் உட்கார்ந்து நான் எண்ணினேன்: கூழைக்கடா இருநூற்றுப் பதினாறு; நாரையை எண்ணி முடியவில்லை, இருட்டிவிட்டது. அதற்குப் பிறகு நாலாம் பகுதியைப் படியுங்கள். எனக்காக வேகமாகப் படித்துத் தாண்டிவிட வேண்டாம்.

கேட்டுவிட்டு அவர் சொல்வதை இங்கே எழுதுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

("...................................................")