மெல்ல இறங்கும் மூடி

மாமா மூக்கைச் சிந்திய அதே கையால், உள்ளே சாமான் வைக்கும் பெட்டிக் கட்டிலின் மூடியைத் தூக்கினார். அக்காவின் வீட்டுக்காரர், நான் வேலை பார்க்கும் கட்டில் கடையின் முதலாளி, இரண்டும் அவர்தான். மூடி இடுப்பு உயரத்துக்கு வந்ததும் கையை எடுத்தார். மெத்தையோடு அது பூப்போல இறங்கி உட்கார்ந்தது. கட்டில் வாங்க வந்து எதிரில் நின்ற நர்சம்மா சிரித்தார். திறந்த மூடி அப்படியே நிற்குமா என்று மாமா காட்டவில்லை. காட்டவும் முடியாது.

கேஸ் ஸ்ட்ரட் சரக்கு தீர்ந்துபோனதால் போன வாரத்திலிருந்து டேம்பர் மாட்டச் சொல்லிவிட்டார். பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கறுப்புக் குழாய், வெள்ளித் தண்டு. ஸ்ட்ரட்டுக்குள் அடைத்த வாயு தண்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மூடியைத் தூக்கும், தூக்கியபடியே நிறுத்தும். டேம்பருக்குள் இருப்பது எண்ணெய். அது எதையும் தாங்காது, விழுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். இதை நான் சொன்னபோது, இரண்டும் ஒன்றுதான், பெயர்தான் வேறு என்று பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார். விவரம் தெரியாத மனுஷன் என்றுதான் நினைத்தேன்.

நர்சம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை தொங்கிப்போயிருந்தது. வீட்டில் தனியாள்.

"ஒத்தக் கைதாம்மா எனக்கு. தூக்கிவிட்டா மூடி தானா நிக்கும்ல? உள்ள குனிஞ்சு எடுக்கணும்."

கேட்டது என்னிடம். பதில் மாமாவிடமிருந்து வந்தது.

"கல்லு மாதிரி நிக்கும்மா."

சொல்லிவிட்டு அந்த அம்மாவின் தோளில் வேறு தட்டிக்கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள், வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு வாங்கி வா என்று விரட்டினார். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். நர்சம்மா கட்டிலுக்கான டேம்பர் ஜோடியும் அதில்தான் இருந்தது.

அக்கா படுக்கையறையில் இருந்தாள். கட்டில் மூடி மேலே நிற்க, இடுப்புவரை உள்ளே கவிழ்ந்து போர்வை தேடிக்கொண்டிருந்தாள். மூடியை யாரும் பிடித்திருக்கவில்லை. இரண்டு பக்கமும் புத்தம்புது கேஸ் ஸ்ட்ரட். எப்போது மாற்றியது என்று கேட்டேன்.

"போன வாரம். கடைசி ஜோடியாம். பழசு தளர்ந்து போச்சு, தலைல இறங்கிடும்னு அவரே உக்காந்து மாட்டுனாரு," என்றாள் பெருமையாக.

ஆக, எல்லாம் தெரிந்தே செய்திருக்கிறார். அந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்கக்கூட எனக்கு அருவருப்பாக இருந்தது. நர்சம்மா விஷயத்தை அப்படியே கொட்டினேன். அக்கா கையிலிருந்த போர்வையைக் கீழே போட்டுவிட்டு, மூடியை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள்.

"கழட்டுடி."

கழற்றி, அதே இடத்தில் டேம்பர்களை மாட்டினேன். பொருத்தம் கச்சிதம். நர்சம்மா கட்டிலுக்குப் போகவேண்டிய ஸ்ட்ரட்டுகள் நீளமாக என் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. சாப்பாட்டைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் எடுத்துத் தரவில்லை.

"இனிமே உள்ள குனியறது அவரு," என்று அக்கா கையை எடுத்தாள்.

உள்ளே அடுக்கியிருந்த மாமாவின் சட்டைகளை நோக்கி மூடி அவசரமே இல்லாமல், சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.