மூத்தவனுக்கு வைத்த கமரா

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்று சொல்லிவைத்த மனிசன் ஒருநாளும் வீடியோக்காரனோடு மாரடித்திருக்க மாட்டான். மாரடித்திருந்தால் மூன்றாவதாக அதையும் சேர்த்துவிட்டுத்தான் கண்ணை மூடியிருப்பான். குருநகர் பெர்னடெட்டுக்கு இதில் இரண்டாம் பேச்சில்லை. மகள் ஷெரோனின் கலியாணத்துக்கு மண்டபம் ஒரே நாளில் சரிவந்தது. சமையல்காரர் வந்தார். கோயிலில் கேட்ட திகதியே கிடைத்தது. லோஜன் என்ற வீடியோக்காரனைப் பிடித்த நாளிலிருந்துதான் தலையிடி.

இத்தனைக்கும் அவள் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கலியாணப் பொம்பிளை வீட்டைவிட்டு வெளிக்கிட முதல் தாய் தகப்பன் முன்னால் முழங்காலில் இருந்து, நெற்றியில் சிலுவை வாங்கிக்கொண்டுதான் கோயிலுக்குப் போவாள். அந்த ஆசீர்வாதம் மட்டும் ஒரு நொடியும் அறுபடாமல் பிரான்சிலிருக்கும் மூத்தவன் ஜெயசுதனுக்கு நேரடியாகப் போகவேண்டும். மற்றதை எல்லாம் எப்படியாவது எடு, எடுக்காமல் விடு, எனக்குக் கவலையில்லை என்று சொல்லிவிட்டாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஜெயசுதன் போய்ப் பத்து வருசம். அகதி வழக்கு இன்னும் இழுபடுகிறது, வெளிக்கிட்டால் திரும்பி உள்ளே போக முடியாது. மூன்று வருசத்துக்கு முன் தகப்பன் செபநாயகம் மாரடைப்பில் போனபோது செத்தவீட்டையும் அவன் லைவில்தான் பார்த்தான். சவப்பெட்டியை மூடப்போகிற நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. கரண்ட் திரும்பி வந்தபோது பெட்டி ஒழுங்கை முடக்கால் திரும்பிக்கொண்டிருந்தது. "பரவாயில்லையம்மா, பிறகு வீடியோவிலை பாக்கிறன்" என்றுதான் பிள்ளை சொன்னான். அதற்குப் பிறகு ஒரு கிழமை போன் எடுக்கவில்லை. அந்தப் 'பரவாயில்லை'யை இன்னொருதரம் கேட்கப் பெர்னடெட்டின் நெஞ்சில் இடமில்லை.

லோஜன் எல்லாவற்றுக்கும் ஓம் போட்டான். அவன் வாயில் 'இல்லை' என்ற சொல்லே கிடையாது. ஓம் அன்ரி, செய்யலாம் அன்ரி, யோசிக்காதேங்கோ அன்ரி. அதைச் சொல்லிவிட்டுத் தன் விருப்பத்துக்குத் தொடங்கினான். கலியாணத்துக்கு முன்னமே ஒரு படப்பிடிப்பாம். ஷெரோனையும் மாப்பிள்ளையையும் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்துவைத்த வள்ளத்தில் ஏற்றினான். கடலைப் புதிதாய்க் காண்கிறமாதிரிப் பார்க்கச் சொன்னானாம். பிறந்தநாள் தொட்டுக் கடலின் முகத்தில் விழிக்கிற பிள்ளை அதை எப்படிப் புதிதாய்ப் பார்ப்பது? பதினொரு தரம் பார்த்துவிட்டு, வெயிலில் கறுத்து, காய்ச்சலோடு வந்து படுத்தாள். கண்டறியாத வீடியோ என்று பெர்னடெட் அன்றைக்கே திட்டினாள். ஆனால் ஆளை மாற்றப் பயம். வாற ஆள் இவனைவிட மோசமாக இருந்தால் என்ன செய்வது?

கலியாணத்தன்று விடிய ஐந்தரைக்கே லோஜன் மூன்று பேரோடும் நாலு கமராவோடும் வந்து இறங்கினான். வந்ததும் வராததுமாக ஹோலிலிருந்த கதிரைகளைத் தூக்கிக் குசினிக்குள் அடுக்கினான். குளிர்சாதனப் பெட்டி படத்துக்குள் வருகிறது என்று அதற்குச் சீலை போர்த்தினான். எல்லாரும் போனின் சத்தத்தை நிற்பாட்டவேண்டும் என்று சட்டம் போட்டான். பெர்னடெட் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுத்தாள். ஏனென்றால் சொன்னபடி ஹோல் மூலையில் ஒரு கமராவை, முழங்காலில் இருக்கிற ஆளின் முகத்துக்கு நேராக முக்காலியில் ஏற்றி, லைவைப் போட்டும் காட்டினான். அங்கே அப்போது நல்ல இருட்டு. ஜெயசுதன் இரவு வேலை முடித்துவந்து படுக்காமல் இருந்தான். கூட இருக்கிற பெடியள் பெரிய திரையில் போட்டுத் தந்திருக்கிறார்கள், வடிவாய்த் தெரியுது என்று எழுதியிருந்தான். பெர்னடெட் அந்தக் கமராவைப் பார்த்து மெல்லமாய்ச் சிரித்துவிட்டுப் போனைக் கைப்பைக்குள் போட்டாள்.

எட்டு மணிக்கு ஷெரோன் வெள்ளைச் சாறியோடு அறையைவிட்டு வந்தாள். லோஜன் ஹோலைச் சுற்றிப் பார்த்தான், யன்னலைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். உள்ளுக்கு வெளிச்சம் காணாது, ஆசீர்வாதத்தை முற்றத்து மாமரத்தடியில் எடுப்பம் என்றான். சொல்லி முடிக்க முதலே ஒருத்தன் பொம்பிளையின் சாறித் தலைப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தான். பெர்னடெட்டையும் கையைப் பிடித்து இழுக்காத குறைதான். நாலு கமராவில் எது போகிறது, எது நிற்கிறது என்று அந்த அமளிக்குள் யார் கண்டது? மூத்தவனின் கமராவும் கூடவே வரும் என்றுதான் அவள் நினைத்தாள்.

மரத்தடியில் முதல்தரம் சிலுவை போட்டபோது மேலே ட்ரோன் பறந்து மண்ணை வாரி இறைத்தது. இரண்டாந்தரம் போட்டபோது கை முகத்தை மறைத்துவிட்டதாம். மூன்றாந்தரம் அவளுக்கு அழுகை வரவில்லை என்று லோஜன் முறைப்பட்டான். பொம்பிளையின் தாய் அழாவிட்டால் பாட்டுப் போட ஏலாதாம். பெர்னடெட்டுக்குக் கொதி உச்சிக்கு ஏறியது. தன் பிள்ளையைக் கட்டிக்கொடுக்கிற நாளில் கண்ணீரைக்கூட இவன் கேட்கிற நேரத்துக்கு வடிக்கவேண்டுமா? மகளின் முகத்துக்காகத் திரும்பவும் கையைத் தூக்கினாள். நாலாந்தரம் கண்ணில் தண்ணி வந்தது. அது ஆத்திரத்தில் வந்தது என்று அவளுக்குத்தான் தெரியும்.

ஒருவழியாக எல்லாரும் கேற்றைத் தாண்டினார்கள். ஷெரோன் காரில் ஏறிவிட்டாள். ஹோல் கதவைப் பூட்டப் பெர்னடெட் தனியே திரும்பி வந்தாள். வெறும் ஹோலின் மூலையில் அந்தக் கமரா தன்பாட்டில் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு குருவிகூட இல்லை.

கைப்பையைக் கிண்டிப் போனை எடுத்தால், ஜெயசுதன் ஒன்பது தரம் கூப்பிட்டிருக்கிறான். சத்தத்தை நிற்பாட்டிய போனில் எது கேட்கும்? திருப்பி அழைத்தாள். அவன் உடனே எடுத்தான்.

"அம்மா, வெளிக்கிட்டிட்டியளோ? இஞ்சை ஒருத்தரையும் காணேல்லை."

அவள் கமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். அவன் தாயைத் தேற்றுகிற குரலில் அந்தப் பழைய சொல்லையே சொன்னான்.

"பரவாயில்லையம்மா. பிறகு வீடியோவிலை பாக்கிறன்."

பெர்னடெட் போனை நிற்பாட்டவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே கேற்றடிக்கு ஓடினாள். ஐம்பத்தெட்டு வயதில், பட்டுச் சாறியோடு, செருப்பு ஒன்று வழியில் கழன்று கிடக்க ஓடினாள். புறப்பட்ட காரின் முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்று, பொம்பிளையை இறக்கச் சொன்னாள்.

செபநாயகத்தின் தமக்கை லூர்த்தம்மாதான் முதலில் பாய்ந்தாள். கேற்றைத் தாண்டின பொம்பிளை திரும்பி வீட்டுக்குள் போகக்கூடாது, ஆகாது, உனக்கென்ன விசரா என்று கேட்டாள். கட்டாயம் காட்டவேண்டுமென்றால் போனில் காட்டிவிடன் என்றாள். போனில் முகம் துண்டு துண்டாய் உடைந்து உடைந்து போகும் என்று சொன்ன லூர்த்தம்மாவுக்கும் தெரியும்.

"ஆகாததெல்லாம் எனக்கு நடந்து முடிஞ்சுது மச்சாள்," என்றாள் பெர்னடெட். "இனி நடக்க ஒண்டுமில்லை. வழியை விடுங்கோ."

லோஜன் மணிக்கூட்டைக் காட்டினான். பூசை வைக்கிற சுவாமி நேரத்துக்குத் தொடங்கிவிடுவார், மாப்பிள்ளை கோயில் வாசலில் நிற்கிறார், ட்ரோன் மேலே போய்விட்டது, திருப்பி இறக்கினால் பற்றரி காணாது. மரத்தடியில் எடுத்ததை இரவைக்கே நல்ல வடிவாய் வெட்டி ஒட்டி அண்ணைக்கு அனுப்புகிறேன் என்றான். உண்மையாகவே உதவி செய்கிற முகம்தான். அதைப் பார்க்கத்தான் பெர்னடெட்டுக்கு இன்னும் எரிந்தது.

"தம்பி, நான் உம்மைப் பிடிச்சது எனக்குப் படம் காட்ட இல்லை," என்றாள். "என்ரை பிள்ளை வெறும் சுவரைப் பாத்துக்கொண்டிருக்கிறான்."

அந்தக் கமராவைத் தான் மறந்தே போனது அப்போதுதான் லோஜனுக்கு உறைத்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுக்க முதல் காரின் கதவு திறந்தது. ஷெரோன் யாரையும் கேட்கவில்லை. சாறியை முழங்காலளவுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறென்று வீட்டுக்குள் நடந்தாள்.

ஹோலுக்குள் லோஜன் விளக்கொன்றைத் தூக்கிவந்தான். பெர்னடெட் அதை வைக்க விடவில்லை. போனின் சத்தத்தைக் கூட்டிக் குசினியிலிருந்து இழுத்துவந்த கதிரையொன்றில் வைத்தாள். மகளின் நெற்றியில் மெதுவாகச் சிலுவை போட்டாள். கண் உடைந்தது, இந்தமுறை யாரும் கேட்காமலே உடைந்தது. பிறகு ஷெரோனின் தோளைப் பிடித்துக் கமராவுக்கு நேரே திருப்பினாள்.

"அப்பா இல்லாத வீட்டிலை மூத்தவன்தான் தகப்பன். அவனிட்டையும் வாங்கிக்கொண்டு போ."

ஷெரோன் கமராவின் முன்னால் முழங்காலில் இருந்தாள். தலையைக் குனிந்து, நெற்றி கண்ணாடியில் முட்டுமளவுக்குக் கிட்டப் போனாள். எல்லாரும் போனைப் பார்த்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. லூர்த்தம்மா செபமாலையை உருட்டத் தொடங்கினாள். லைன் அறுந்துபோச்சோ என்று யாரோ வாசலில் முணுமுணுத்தார்கள். ஷெரோன் எழும்பப் போனாள்.

லோஜன்தான் கிட்ட வந்து, தாழ்ந்த குரலில் சொன்னான். லைவ் அங்கே போய்ச்சேர நாற்பது செக்கன் பிந்தும். அண்ணை இப்போது அன்ரி சிலுவை போடுகிறதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

பெர்னடெட் மகளின் தோளை அமத்தினாள்.

"எழும்பாதை பிள்ளை. நீ இன்னும் அவனிட்டைப் போய்ச் சேரேல்லை."

ஒருவரும் அசையவில்லை. வெளியே கார்க்காரன் ஹோர்ன் அடித்தான், பிறகு அவனும் விட்டுவிட்டான். ஷெரோனின் மூச்சுப் பட்டுக் கமராக் கண்ணாடியைப் பனிப்புகார் மூடியது. படம் மங்கும் என்று சொல்ல லோஜன் கையைத் தூக்கினான், தூக்கிய கையைக் கீழே போட்டான்.

போனில் முதலில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு ஜெயசுதனின் குரல் வந்தது, பிதா சுதன் என்று தொடங்கி நடுவில் நின்றது, திரும்பத் தொடங்கியது.

"அம்மா," என்றான் அவன் கடைசியில். "திரையிலை அவளின்ரை நெத்திதான் நிறைஞ்சு நிக்குது. கை வைச்சிட்டன்."

அதற்குப் பிறகுதான் பெர்னடெட் மகளை எழும்பச் சொன்னாள்.