கட்டிமனி நோட்ஸ்

சட்டக் கல்லூரிகளுக்குப் பாடநூல் போடும் பதிப்பகம் ஒன்று பெங்களூரில் இருக்கிறது. அவர்களுக்குப் புத்தகம் எழுத விரும்புகிறவர் முதலில் ஒன்பது பக்கப் படிவம் நிரப்ப வேண்டும். எங்கள் தார்வாட் கல்லூரியில் ஒப்பந்தச் சட்டம் நடத்தும் சரயூ கட்டிமனி மேடம் அதை என் மேசையில் உட்கார்ந்துதான் நிரப்பினார். நான் அங்கே நூலகன்.

இந்தப் பாடத்துக்குக் கன்னடத்தில் ஏற்கெனவே என்னென்ன நூல்கள் இருக்கின்றன என்று ஒரு கேள்வி.

"என்ன சார் எழுதறது?"

"இருந்தாத்தானே எழுத? நம்ம அலமாரி பூரா இங்கிலீஷு. பசங்க பரீட்சை எழுதறது பூரா கன்னடம்."

'இல்லை' என்று எழுதினார்.

மேடத்துக்கு அந்தப் புத்தகம் அவசரமாகத் தேவைப்பட்டது. நவலகுந்து, குந்தகோள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் புத்தகம் ஏறவில்லை என்று 2015இல் நூற்று நாற்பது பக்கம் குறிப்பு எழுதி நூலகத்தில் வைத்தார். கேட்டவர்களுக்கெல்லாம் ஜெராக்ஸ் எடுக்க நான் கொடுத்தனுப்பினேன். மூன்று வருடத்தில் சட்டம் மாறியது. நிலத்தை விற்பதாக ஒப்பந்தம் போட்டவன் பின்வாங்கினால், அவனைக் கட்டாயப்படுத்தி எழுதிக் கொடுக்க வைப்பதா வேண்டாமா என்பது அதுவரை நீதிபதியின் விருப்பம். திருத்தம் வந்து அந்த விருப்பத்தை எடுத்துவிட்டது. குறிப்பில் மட்டும் பழையதே இருந்தது. "அந்தப் பக்கத்தை அடிச்சிடுங்கப்பா" என்று ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்வார். வகுப்பில் இருந்தவர்கள் அடித்தார்கள்.

மூன்று மாதம் கழித்துப் பதிப்பகத்தில் கூப்பிட்டார்கள். எனக்கும் புத்தகம் வாங்கும் வேலை இருந்ததால் ஒரே ரயிலில் போனோம். பதிப்பாசிரியர் சுமுக் முப்பது வயதுக்காரர். எழுந்து நின்று வரவேற்றார்.

"நீங்க படிவத்தோட அனுப்பின ரெண்டு அத்தியாயத்தையும் ரெண்டு பேராசிரியருக்கு அனுப்பினோம் மேடம். ரெண்டு பேருமே உடனே போடுங்கன்னு எழுதிட்டாங்க."

மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார். நாங்கள் காப்பி குடித்து முடிக்கும்வரை சுமுக் வேறு ஏதேதோ பேசினார். பிறகு இழுப்பறையிலிருந்து சுருள்கம்பி போட்ட ஒரு தாள்கட்டை எடுத்து வைத்தார். அட்டையில் 'கட்டிமனி நோட்ஸ்'. உள்ளே மேடத்தின் கையெழுத்து, ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸாகி மங்கிப்போயிருந்தது.

"விற்பனைக்காரங்க கொண்டாந்தாங்க. பல்லாரி, கலபுரகி, ஹாசன், எங்க போனாலும் காலேஜ் எதிர்ல இது கிடைக்குதாம். போன்லயும் சும்மாவே வருது. கையில கட்டிமனி இருக்கறப்ப கட்டிமனியை எவன் வாங்குவான்னு கேக்கறாங்க."

"அது பழைய சட்டம்ப்பா. நூத்திப் பன்னெண்டாம் பக்கம் தப்பு. அதை மாத்தத்தானே இந்தப் புத்தகம்?"

"எனக்குப் புரியுது மேடம். கமிட்டியில ரெண்டு தடவை சண்டை போட்டுட்டேன். இதுக்கு மேல என் கையில எதுவும் இல்ல."

அவர் வாசல்வரை வந்து, ஆட்டோ கிளம்பும்வரை நின்றார். கோபப்படக்கூட ஆளில்லை.

திரும்பும் ரயில் அரசிகெரேயைத் தாண்டியதும் மேடம் கேட்டார்.

"நானேதானே சார் குடுத்தேன்?"

"ஜெராக்ஸுக்கு வெளிய விட்டது நான்தானே மேடம்."

"நீங்க விடலேன்னா நான் விட்டிருப்பேன்."

மறுநாள் மேடம் கல்லூரி எதிரே மல்லேசியின் ஜெராக்ஸ் கடைக்குப் போய், இனிமேல் அதைப் போடாதே என்று கேட்டுக்கொண்டார்.

"என்ன மேடம் இப்படிச் சொல்றீங்க? சாமி படத்துக்கு அடுத்து உங்க நோட்ஸைத்தான் வச்சிருக்கேன். நான் நிறுத்தினா அடுத்த கடைக்காரன் போடுவான். அவன் பாதிப் பக்கத்தை முழுங்கிடுவான், பரவாயில்லையா?"

திருத்தம் எழுதிய ஒரு தாளைச் சேர்த்துக் கொடுக்க மட்டும் ஒப்புக்கொண்டான். ஒரு மாதம் நேர்மையாகச் சேர்த்தான். ஹாசனில் யார் சேர்ப்பார்கள்?

பிப்ரவரியில் தேர்வு முடிவு வந்தது. முதல் பெஞ்சில் உட்காரும் நீலவ்வா ஒப்பந்தச் சட்டத்தில் இரண்டு மதிப்பெண்ணில் தோற்றிருந்தாள். விடைத்தாள் நகல் வாங்கிக்கொண்டு நூலகத்துக்கே வந்தாள். அந்த நிலக் கேள்விக்கு, மேடம் வகுப்பில் சொன்ன புதிய சட்டத்தை அழகாக எழுதியிருந்தாள். பத்துக்குப் பூஜ்யம். ஓரத்தில் சிவப்பு மையில் 'இது நீதிமன்றத்தின் விருப்பம்' என்றிருந்தது. மேடத்தின் வாக்கியம், எழுத்துப் பிசகாமல். எங்கேயோ ஒரு கல்லூரியில் அந்தக் குறிப்பைப் படித்துத் தேறியவர் இப்போது தாள் திருத்துகிறார்.

மறுமதிப்பீட்டிலும் பூஜ்யமே வந்தது. சட்டப் புத்தகத்தின் நகலை இணைத்து மேடம் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். திருத்துபவரின் முடிவே இறுதியானது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

துணைத் தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது நீலவ்வா மறுபடி வந்தாள்.

"மேடம், அதே கேள்வி திரும்ப வந்தா எதை எழுதட்டும்?"

மேடம் அவளை உட்காரச் சொன்னார்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா படிச்சது போதும்னு அப்பா கல்யாணத்தை முடிச்சிடுவாரு மேடம். நீங்க என்ன சொன்னாலும் எழுதறேன்."

"சட்டம் எதுன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"மறந்துடாதே." மேடம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பரீட்சையில நோட்ஸ்ல இருக்கறதை எழுது."

அந்தக் கேள்வி வந்தது. நீலவ்வா பழையதை எழுதினாள். பத்துக்கு எட்டு. தேறியதும் பேடா வாங்கிக்கொண்டு நூலகத்துக்கு ஓடி வந்தாள்.

மேடம் உள்ளே அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வகுப்பில் இருப்பதாகச் சொல்லிவிடுங்கள் என்று எனக்குக் கை காட்டினார். சொன்னேன். அந்தப் பெண் பெட்டியை என்னிடம் கொடுத்து, "மறக்காம குடுத்துடுங்க சார், அவங்களாலதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.