வெள்ளிக்கிழமைகளில் வெளியூர் போன ஏரி

ஏற்காட்டு ஏரி முதன்முதலாக வெளியூர் போனது ஒரு மே மாதத்து வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்தேகால் மணிக்கு. படகுகளைச் சேற்றில் விட்டுவிட்டு, மீன்களை மட்டும் கூட்டிக்கொண்டு, மாரமங்கலம் சாலையில் இடது ஓரமாகவே போனது. ஐந்தரை மணி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்த டிரைவர் சின்னன் ஒரு வளைவில் ஹாரன் அடித்ததும் ஒதுங்கி வழி விட்டது. காரில் மலையேறி வருகிற பலருக்கு இல்லாத பண்பு அது என்று சின்னன் பிறகு எல்லாரிடமும் சொன்னார். இருட்டுவதற்குள் மாரமங்கலம் போய்ச் சேர்ந்து, தெரசம்மாளின் காப்பித் தோட்டத்துக்குக் கீழே சும்மா கிடந்த பள்ளத்தில் படுத்துக்கொண்டது. சனியும் ஞாயிறும் அங்கேயே இருந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் தன் இடத்துக்குத் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி அலையடித்துக்கொண்டிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையும் போனது.

ஊரில் யாரும் இதற்குப் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. ஏரி செய்ததைத்தான் அவர்கள் ஆறு வருஷமாகச் செய்துகொண்டிருந்தார்கள். சேலம் அடிவாரம் வரைக்கும் வளர்ந்து, அதற்குமேல் வளர இடமில்லாமல், சனி ஞாயிறுகளில் மலையேறத் தொடங்கியது. அதன் பின்னாலேயே சென்னையும் பெங்களூரும் வந்தன. லாட்ஜுகள் நிறைந்தன, புது லாட்ஜுகள் முளைத்தன, அவையும் நிறைந்தன. ஒரு டீச்சர் ஒரே ஒரு வாரம் தன் வீட்டை வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போய் வந்தார். பிறகு அந்தத் தெரு போனது, அடுத்த தெரு போனது, கடைசியில் ஊரே போனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் ஊர்ச்சனம் மொத்தமும் பையும் குக்கருமாக நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஆளே இல்லாததால் மாதா கோயிலில் ஞாயிறு புதன்கிழமைக்கு மாற்றப்பட்டது. பிறந்தநாள், காதுகுத்து எல்லாம் செவ்வாய்க்கிழமையில் வந்தன. சாகிறவர்கள்கூட வியாழனுக்குள் பார்த்துச் செத்தார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். ஏற்காட்டில் அந்த மூன்று நாளும் விருந்தாளிகள் வீட்டில் இருந்தார்கள், வீட்டுக்காரர்கள் எங்கேயோ விருந்தாளியாக இருந்தார்கள்.

பிரிஸ்கில்லாவும் அப்படித்தான். ஏரிக்கு மேற்கே மூன்றாவது தெருவில் அவளுக்கு ஒரு வீடு: இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் ஒரு பட்டர் ஃப்ரூட் மரம். கணவர் மனுவேல் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். கோபம் வந்தால்கூட லீவு லெட்டர் எழுதுகிற நிதானத்தில்தான் பேசுவார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரிஸ்கில்லா சுவரிலிருந்து கல்யாண போட்டோவைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டுவாள், தன் தலையணையைப் பையில் திணித்துக்கொள்வாள், மாரமங்கலத்தில் நாத்தனார் தெரசம்மாள் வீட்டுக்குப் பஸ் ஏறுவாள். தன் வீட்டின் மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வெயில் தன் அடுக்களையில் எப்படி விழும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

இதெல்லாம் போய்க்கொண்டேதான் இருந்திருக்கும், மகன் ஷெர்வினுக்குப் பெண் அமையாமல் இருந்திருந்தால். பெண் ஆத்தூர் ஜோஸ்லின். சேலத்தில் ஒன்றாகப் படித்தவர்கள், ஒருவரை ஒருவர் பிடித்துப்போய் வீட்டில் சொன்னவர்கள், மறுப்பதற்கு இரண்டு பக்கமும் ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மாப்பிள்ளை வீடு பார்க்கிற முறை ஒன்றுதான் பாக்கி. ஜோஸ்லினின் அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு. ஆகவே ஒரு ஞாயிறு காலை பிரிஸ்கில்லாவும் மனுவேலும் மாரமங்கலத்திலிருந்து பட்டும் வேட்டியுமாக முதல் பஸ்ஸில் வந்து, தங்கள் வீட்டு கேட்டில் தாங்களே மணியடித்து நின்றார்கள். உள்ளே பெங்களூரிலிருந்து வந்த பதினோரு பிள்ளைகள் இருந்தார்கள். நல்ல பிள்ளைகள். சம்பந்திமார் வருகிறார்கள் என்றதும் கட்டிலில் இடம் ஒதுக்கி உட்காரச் சொன்னார்கள், சிப்ஸ் கொடுத்தார்கள். அடுக்களையை எட்டிப் பார்த்த ஜோஸ்லினின் அம்மா மரியபுஷ்பம், பிரிஸ்கில்லாவின் பொங்கல் பானையில் நூடுல்ஸ் வெந்துகொண்டிருப்பதைக் கண்டார்.

“ஏனுங்க, நீங்க இந்த ஊட்டுல இருக்கறீங்களா, இல்லீங்களா?” என்று கேட்டார் ஜோஸ்லினின் அப்பா.

“திங்கக்கிழம இருந்து வெள்ளி மத்தியானம் வரைக்கும் இருக்கறமுங்க” என்றார் மனுவேல், உள்ளதை உள்ளபடி.

மரியபுஷ்பம் கோபப்படவில்லை. “ஏழு நாளும் குடியிருக்கற ஊடுதானுங்க எங்க புள்ளைக்கு வேணும். ஒரு ஞாயித்துக்கிழம நீங்க உங்க ஊட்டுல இருக்கறப்ப சொல்லி உடுங்க, வந்து பாக்கறோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நியாயமான பேச்சுதான். பிரிஸ்கில்லா அடுத்த மாதமே ஒரு வாரம் வீட்டை வாடகைக்கு விடாமல் இருந்து பார்த்தாள். சனிக்கிழமை குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருத் தண்ணீரெல்லாம் சுற்றியிருந்த லாட்ஜுத் தொட்டிகளுக்குப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு வேன் நின்றது, வேனுக்குரியவர் எங்கே என்று தெரியவில்லை. ஆத்தூர் கார் பதினோராவது கொண்டை ஊசி வளைவில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு அப்படியே திரும்பிப் போனது. அவள் செய்து வைத்த பிரியாணியை வேன்காரர் குடும்பம்தான் சாப்பிட்டது. ஊர்க்காரர்கள் யாருமே இல்லாத ஊரில் ஒரே ஒரு வீட்டுக்காரி மட்டும் குடியிருக்க முடியாது என்று அன்றைக்கு அவளுக்குப் புரிந்தது. ஷெர்வின் பாதிச் சோற்றோடு எழுந்துபோனான். பெற்றவளுக்கு அது போதாதா? அவள் அழுதாள்.

அதற்கு மூன்றாவது வாரம்தான் ஏரி கிளம்பியது. மாரமங்கலத்துப் பள்ளத்தில் அதைப் பார்த்ததும் பிரிஸ்கில்லாவுக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலங்களில் காப்பி டம்ளரோடு அதன் கரையில் போய் உட்காருவாள். “உனக்கும் ஊட்டுல எடமில்லியா கண்ணு?” என்பாள். ஏரி அவள் கால் வரைக்கும் வந்துவிட்டுப் போகும்.

ஏரி இல்லாவிட்டால் கூட்டம் குறையும் என்று சிலர் பயந்தார்கள், சிலர் ரகசியமாக ஆசைப்பட்டார்கள். இரண்டும் நடக்கவில்லை. ஏரி இல்லாத ஏரியைப் பார்க்க முன்னைவிட இரண்டு மடங்கு பேர் வந்தார்கள். காய்ந்த இடத்தில் கிரிக்கெட் ஆடினார்கள், சேற்றில் நின்று படம் எடுத்தார்கள். படகுக்காரர்களுக்குத்தான் பிழைப்பில்லை. அவர்கள் ஏரிக்கரையில் மிளகுக் கடை வைத்திருந்த அப்துல் ரஹீமிடம் போனார்கள். ஊரில் எந்தக் குடும்பத்துச் சண்டைக்கும் சமாதானம் பேசுகிறவர் அவர். “கோவிச்சுக்கிட்டுப் போன சம்மந்திய எப்பிடிக் கூப்புடுவோம்? சும்மா போய் வான்னா வருவாங்களா? முறையோட கூப்புடணுமுங்க” என்றார் ரஹீம்.

முறை என்று வந்துவிட்டால் இந்த மலைக்காரர்கள் குறை வைக்க மாட்டார்கள். அதுதான் வினையாய் முடிந்தது. ஒன்பது தட்டு, தேங்காய், ஆரஞ்சு, பூ, ஏரிக்கு எடுத்தாலும் எடுத்தார்கள் எண்பது முழத்தில் ஒரு வேட்டி, முன்னால் பேண்டு செட், பின்னால் ஐந்து ஜீப். நல்ல நேரம் சனிக்கிழமை பதினொரு மணிக்கு அமைந்தது. பேண்டு சத்தம் கேட்ட கார்கள் எல்லாம் என்னவோ திருவிழா என்று பின்னாலேயே வந்தன. ரஹீம் மாரமங்கலத்துப் பள்ளத்தின் கரையில் நின்று, கூட வந்த படகுக்காரர்களைக் காட்டி, “இவிங்க முகத்துக்காகவாவது வரணுமுங்க” என்று கேட்டுக்கொண்டார். புதுப் படகு, கலர் விளக்கு, நீரூற்று எல்லாம் போட்டுத் தருவதாகவும் சொன்னார். ஏரி வேட்டியை மட்டும் வாங்கிக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் மாரமங்கலத்துச் சாலையில் இருநூறு கார் நின்றது. அதற்கடுத்த சனிக்கிழமை நானூறு. ஏரி பள்ளத்தின் கடைசி மூலைக்கு ஒதுங்கி, பாறையோடு ஒட்டிக்கொண்டு, ஆழத்தைக் கூட்டி அகலத்தைக் குறைத்துக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெரசம்மாள் நெடுநேரம் பாத்திரம் கழுவினாள். கழுவியதையே திரும்பக் கழுவினாள். கடைசியில், “அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. வர்ற வாரம் எங்க ஊட்டையும் கேட்டிருக்கறாங்க. நாங்க கொழுந்தனார் ஊட்டுக்குப் போறமுங்க” என்றாள். பிரிஸ்கில்லா நாத்தனாரின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். தான் ஆறு வருஷமாகச் செய்துவந்ததையே இன்னொருத்தி வாயால் கேட்கிறபோது கோபிக்க முடியவில்லை. ஆனால் இனி எங்கே போவது? மாரமங்கலத்துக்கு அப்பால் அவளுக்குச் சொந்தமில்லை. அங்கே பாறையோடு ஒட்டிக் கிடந்த ஏரிக்கும் இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பழக்க தோஷம், பிரிஸ்கில்லா தலையணைப் பையோடு மனுவேலையும் ஷெர்வினையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள். ஏரியும் வந்து பெட்டிக்கடை ஓரமாகத் தயங்கி நின்றுகொண்டிருந்தது. பஸ் வந்தது, ஊர் ஏறியது. சின்னன் எஞ்சினை ஓடவிட்டபடி காத்திருந்தார்.

“ஏறலீங்களா அக்கா?” என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள் ரஹீமின் மனைவி சுபைதா. பிரிஸ்கில்லாவுக்கு அடுத்த வீட்டுக்காரி.

“எங்க போறது சுபைதா? நான் என்ற ஊட்டுக்குப் போறேன்” என்றாள் பிரிஸ்கில்லா. பிறகு ஏரியைப் பார்த்து, “நீயும் வா சாமி. போதும், ஊர் ஊராத் திரிஞ்சது” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். ஏரி அவள் பின்னால் திரும்பியது.

அப்போது நடந்ததைச் சின்னன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். சுபைதா கூடையோடு இறங்கினாள். அவள் இறங்கியதும் ரஹீம் இறங்கினார், படகுக்காரர்கள் இறங்கினார்கள், முதன்முதலில் அக்கா வீட்டுக்குப் போன அந்த டீச்சரும் இறங்கினார். ஒருத்தர் இறங்கினால் பஸ்ஸில் இடம் கிடைக்கும் என்று சந்தோஷப்படுகிற ஊர், அன்றைக்கு ஆளோடு ஆளாக இறங்கித் தீர்த்தது. சின்னன் ஆளில்லாத பஸ்ஸை மாரமங்கலம் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினார்.

பிரிஸ்கில்லா வீட்டுக்கு அந்த வாரம் வர இருந்த சென்னைக் குடும்பம் வந்து பார்த்தபோது வாசலில் சொந்தக்காரர்களே உட்கார்ந்திருந்தார்கள். “மன்னிச்சுக்கங்க, இந்த வாரம் நாங்க இருக்கறமுங்க. காப்பி குடிச்சுட்டுப் போங்க” என்றாள் பிரிஸ்கில்லா. அவர்கள் காப்பி குடித்தார்கள், ஒரு லாட்ஜில் இடம் பிடித்தார்கள். மறுநாள் தெருவெல்லாம் துணி காய்ந்தது, நாற்காலிகள் வெளியே வந்தன, பிள்ளைகள் சைக்கிள் ஓட்டினார்கள். வீடு கிடைக்காத கார்கள் பாதிக்குமேல் அடிவாரத்தோடு திரும்பின. வந்தவை ஊர் எல்லையில் நின்றன, வந்தவர்கள் நடந்து உள்ளே வந்தார்கள். ஆறு வருஷத்தில் முதன்முதலாக ஞாயிறு ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்தது. கோயிலில் இடம் போதாமல் பாதிப் பேர் வெளியே நின்றார்கள், அவர்கள் காலடியில் ஏரியும் நின்றது. சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஊர் கூடி ஓர் ஏற்பாடு செய்தது. மூன்று வாரம் விருந்தாளிகளுக்கு, ஒரு வாரம் ஊர்க்காரர்களுக்கு. பிறகு அது இரண்டுக்கு இரண்டாயிற்று. ஊர்க்காரர் வாரத்தில் குழாய்த் தண்ணீர் முதலில் வீடுகளுக்கு, மிச்சம் லாட்ஜுகளுக்கு. அடிவாரத்தில் ஒரு பலகை வைத்தார்கள்: “இந்த வாரம் ஊர்க்காரர்கள் வீட்டில் இருக்கிறார்கள். நிதானமாக வரவும்.” அதைப் படித்துவிட்டு நிதானமாகவே வருகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள் என்பது ஊருக்கே ஆச்சரியம். ஏரியும் இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. விருந்தாளி வாரத்தில் மாரமங்கலம், மற்ற வாரத்தில் வீடு. படகுக்காரர்கள் தங்கள் நாள்களை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள்.

ஆத்தூர்க்காரர்கள் இரண்டாவது ஊர்க்காரர் வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தார்கள். எந்த வளைவிலும் நிற்க வேண்டியிருக்கவில்லை. ஜோஸ்லினின் அப்பா கேட்டைத் திறந்து பார்த்தார், குழாயைத் திருகிப் பார்த்தார், தண்ணீர் வந்தது. மரியபுஷ்பம் நேராக அடுக்களைக்குப் போனார். அடுப்பில் வீட்டுக்காரியின் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, சன்னல் வழியாக வெயில் மாவு டப்பாவின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அவர் குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்து உப்புப் பார்த்து, ஒரு கல் உப்பை எடுத்துப் போட்டார். அதைப் பார்த்ததும் பிரிஸ்கில்லாவுக்குச் சம்பந்தம் முடிந்துவிட்டது என்று தெரிந்துபோயிற்று.

எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து தேதி பேசினார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒத்துவருகிற மாதிரி தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அகப்பட்டது. அப்போது ஏரி தெருவில் ஏறி, கேட்டைத் தாண்டி, வாசல்படி நனைய வந்து எட்டிப் பார்த்தது. “உள்ள வா, ஏன் அங்கியே நிக்கறே” என்றாள் பிரிஸ்கில்லா. மனுவேல் நாற்காலிகளைச் சுவரோரமாக நகர்த்திப்போட்டார். மரியபுஷ்பம் சேலையை ஒரு ஜாண் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பந்திக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். பிரிஸ்கில்லா விரல் மடக்கி, தன் பக்கத்து ஆட்களோடு ஏரியையும் சேர்த்து எண்ணிச் சொன்னாள்.