மூன்றாவது பொட்டலம்

ஹெண்டார்த்தோ காகிதத்தை மேசையில் விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். காரியம் ஆக வேண்டுமென்றால் மனிதருக்கு மரியாதை தானாக வந்துவிடும்.

"ஒரே ஒரு கையெழுத்து மேடம். மூணாவது பொட்டலம் மழையில நனைஞ்சு கெட்டுப்போச்சுன்னு எழுதியிருக்கு. வேற ஒண்ணு எடுத்துக்கலாம்."

"நனையலையே சார்."

"மழைக்காலம். நனைஞ்சிருக்கும்."

"இரும்புப் பெட்டிக்குள்ள எங்க சார் மழை பெய்யுது?" என்றாள் ரஸ்னியா.

கொனாவே கடற்கரையின் அந்தப் படகுத்துறையில் அவளுக்கு ஒரே வேலை. அரசாங்கச் சுரங்கத்திலிருந்து பெரிய தட்டைப் படகுகளில் வந்து இறங்கும் சிவப்பு மண்ணில் நிக்கல் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவள் சுரங்கத்துக்கும் சொந்தமில்லை, மண்ணை வாங்கி உருக்கும் வெளிநாட்டு உலைக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஆய்வு நிறுவனத்தின் ஆள். மண்ணைக் குவித்து, தோசை போலத் தட்டையாக்கி, குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடி குவிப்பாள். கடைசியில் ஒரு கைப்பிடி மிஞ்சும். அது முதல் பொட்டலம். உலைக் கம்பெனி தன் முற்றத்தில் தன் ஆளை வைத்துத் தனியாக எடுத்துக்கொள்வது இரண்டாவது. மூன்றாவதை இரண்டு தரப்பும் சேர்ந்து நின்று எடுத்து, அரக்கு முத்திரை வைத்துப் பூட்டிவிடுவார்கள். முதல் இரண்டின் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது மக்காசர் நகர ஆய்வுக்கூடத்துக்குப் போகும். அங்கே சொல்வதுதான் முடிவு.

இந்தப் படகில் அவள் கண்டது நூற்றுக்கு ஒன்று புள்ளி எட்டு. கம்பெனி கண்டது ஒன்று புள்ளி நாலு. போன படகிலும் இதே கதை. அதற்கு முந்தைய படகிலும் இதே கதைதான். அப்போதெல்லாம் அவளுடைய மேலதிகாரிகள், "விடும்மா, பெரிய இடம்" என்று அவள் வாயை அடைத்திருந்தார்கள். இந்த முறை அவள் பெட்டிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

தாது மண்ணாக இனி ஒரு கப்பலிலும் ஏறக் கூடாது, வேண்டுமென்றால் இங்கே வந்து உலை வைத்து உருக்கு என்று அரசாங்கம் சட்டம் போட்டபோது ரஸ்னியா கல்லூரியில் இருந்தாள். அன்று எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினாள். உலைகளும் வந்தன. மண் இங்கேயே இருந்தது. ஆனால் அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று சொல்லும் உரிமை மட்டும் சத்தமில்லாமல் உலைக்காரன் கைக்குப் போய்விட்டது. அவன் சொல்லும் எண்ணை வைத்துத்தான் நாட்டின் பங்கே. வீடு நம்முடையது, தராசு அவனுடையது என்றால் அது என்ன பிழைப்பு? நினைத்தாலே அவளுக்கு உடம்பு பற்றி எரிந்தது.

"போட மாட்டேன் சார்."

ஹெண்டார்த்தோ கோபப்படவில்லை. ஜாவாவிலிருந்து வந்த உலைக் கம்பெனி மேலாளர், மூன்று வெளிநாட்டு முதலாளிகளுக்குக் கீழே வேலை பார்த்தவர். பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். "அப்ப உங்க ஊர்க்காரங்ககிட்ட பேசிக்கிறேன்."

பேசினார். இரண்டு நாள் கழித்து, நல்ல வெயிலில், கம்பெனி காரிலிருந்து லபண்டே இறங்கினார். ரஸ்னியாவின் தாய்மாமன். தொலாக்கி மக்களின் ஊர்களில் வழக்கு தீர்த்து வைக்கும் பெரியவர். அவர் கையில் இருந்ததைப் பார்த்ததும் ரஸ்னியா மண் சட்டியைக் கீழே வைத்தாள்.

கலோ.

மூன்று பிரம்புகளை முறுக்கிக் கட்டிய வளையம். கீழே வெள்ளைத் துணி, அதற்கும் கீழே சதுரப் பாய். பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அது தரையில் இறங்கிவிட்டால் நின்றவர்கள் உட்கார வேண்டும், ஓங்கிய கை இறங்க வேண்டும், அதன் முன்னால் பொய் நாக்கில் வரக் கூடாது. வைத்தவரே எடுக்கும்வரை அவர் சொல்லாமல் எழுந்திருக்கவும் கூடாது. அதை மறுத்தவனின் பேரப்பிள்ளைக்குக்கூட அந்தப் பக்கம் பெண் கொடுக்க மாட்டார்கள்.

லபண்டே அதைப் படகுத்துறையின் நடுவில் வைத்தார். மண் அள்ளும் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஓட்டுநர்கள் இறங்கி வந்து உட்கார்ந்தார்கள். சோறு கட்டி எடுத்து வந்த பெண்கள் கூடைகளோடு உட்கார்ந்தார்கள். ஹெண்டார்த்தோவும் கால்சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு புன்னகையோடு உட்கார்ந்தார். இந்த நிமிஷம் ஊர்ச் சம்பிரதாயத்தின்மேல் அவருக்கு இருந்த பக்தியைப் பார்க்க வேண்டுமே!

"என் அக்கா மகளே," என்று ஆரம்பித்தார் லபண்டே. "பொட்டலம் நனைஞ்சுபோச்சாம். நீ வீம்பு பண்றியாம். துறையை வேற கரைக்கு மாத்திடுவோம்னு சொல்றாங்க. நூத்தி நாப்பது குடும்பம்மா. ஊர் கேக்குது. கையெழுத்துப் போட்டுடு."

ரஸ்னியாவுக்கு அழுகை வந்தது. அதை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. அவளுடைய அம்மா அப்பாவைச் சேர்த்து வைத்த கலோ இது. இதைப் போய் ஒரு பச்சைப் பொய்க்குக் காவல் வைத்துவிட்டார்களே.

"போடறேன் மாமா," என்றாள். கூட்டம் மூச்சு விட்டது. "கலோ கேட்டா மறுக்க நான் யாரு? ஆனா ஒண்ணு. இது முன்னாடி உக்காந்த எல்லாருக்கும் ஒரே கட்டுதானே?"

"ஆமா. அதிலென்ன சந்தேகம்?"

"அப்ப எனக்காக ஜுமாடிலை ஒரு கேள்வி கேளுங்க. ரெண்டாவது பொட்டலத்துக்கு எதை அள்ளினான்னு."

எல்லாத் தலையும் ஜுமாடில் பக்கம் திரும்பியது. உலைக் கம்பெனிக்கு மாதிரி மண் எடுக்கும் ஆள் அவன்தான், அதே ஊர்க்காரன். எப்போதும் ஏதாவது கேலி பேசிக்கொண்டிருப்பவன். "நான் பொறுக்கிதான்க்கா, சம்பளம் வாங்கற பொறுக்கி" என்று அவளிடமே பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறான். அவன் இப்போது சிரிக்கவில்லை. வளையத்தைப் பார்த்தான், ஹெண்டார்த்தோவைப் பார்த்தான், மறுபடி வளையத்தைப் பார்த்தான்.

"கல்லு, மாமா."

"என்ன கல்லு?"

"நிக்கல் இருக்கறது பொடி மண்ணுல. கல்லுக்குள்ள ரொம்பக் கம்மி. பத்து சட்டி அள்ளினா ஏழு சட்டி கல்லா இருக்கணும்னாங்க. எட்டு மாசமா அதான் அள்றேன்."

"யாரு சொன்னாங்க?"

"சார்தான்." அவன் கை நீட்டிக் காட்டவில்லை. அதற்குத் தேவையும் இல்லை.

"பொட்டலம் நனைஞ்சுதா?"

"நனையல மாமா. அதுல அளவா மண்ணும் கல்லும் இருக்கு. அதான் அதைத் தூக்கிப் போடணும்னு துடிக்கறாங்க."

லபண்டேயின் முகம் செத்துவிட்டது. கம்பெனி காரில் ஏறி வந்தவர், ஊருக்காகத்தான் பேசுகிறோம் என்று நம்பி வந்தவர். "என்கிட்ட நனைஞ்சுதுன்னு சொன்னீங்களே சார்" என்றார் மெதுவாக.

ஹெண்டார்த்தோ எழுந்தார்.

"உக்காருங்க சார்," என்றார் லபண்டே.

"இதோட எனக்கென்ன சம்பந்தம்? நான் ஜாவாக்காரன்."

"கார் அனுப்பி இதைக் கூட்டிட்டு வந்ததே நீங்கதானே? வச்சது நான். எடுக்கறதும் நான்தான்."

சுற்றிலும் முந்நூறு பேர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவரை மிரட்டவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். அவருடைய போன் அலறியது. உலைக்கு மண் கொண்டுபோகும் ஓடுபட்டை காலியாக ஓடுகிறது, உலை காத்திருக்கிறது என்று முதலாளி அந்தப் பக்கம் கத்துவது பக்கத்திலிருந்தவர்களுக்கே கேட்டது. ஹெண்டார்த்தோ உட்கார்ந்தார்.

"இதை எப்ப எடுப்பீங்க?"

"சண்டை தீர்ந்ததும்."

"எப்ப தீரும்?"

லபண்டே மருமகளைப் பார்த்தார். எட்டு மாதத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை.

ரஸ்னியா சட்டைப் பையிலிருந்து வேறொரு காகிதத்தை எடுத்தாள். மூன்றாவது பொட்டலத்தை மக்காசருக்கு அனுப்பும் படிவம். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டியது. தன்னுடையதைப் போட்டுவிட்டு அவர் முன்னால் நகர்த்தினாள்.

"நாளைக்கு உங்களுக்கு வேலை இருக்காது மேடம்," என்றார் அவர் தணிந்த குரலில்.

"இல்லாட்டி போகுது சார். இன்னைக்கு இருக்கே. பேனா மூடியைக் கூடக் கழட்டி வச்சுட்டேன். போடுங்க."

போட்டார். லபண்டே தலையசைத்ததும் ஜுமாடிலும் ஒரு வண்டி ஓட்டுநரும் மட்டும் எழுந்தார்கள். ஜுமாடில் ரஸ்னியா கொடுத்த சாவியால் பெட்டியைத் திறந்து பொட்டலத்தை எடுத்து, முத்திரையை எல்லாருக்கும் தூக்கிக் காட்டிவிட்டு, விமான நிலையத்துக்குப் போகும் வண்டியில் ஏறி மடியில் வைத்துக்கொண்டான். தனக்கும் இனி அங்கே வேலை இல்லை என்று அவனுக்குத் தெரியும். "அக்கா, பொறுக்கி போய்ட்டு வரேன்" என்று கத்தினான்.

ஹெண்டார்த்தோ லபண்டேயைப் பார்த்தார். "அதான் போட்டாச்சே. எடுங்க."

"வண்டி அந்த மலை வளைவைத் தாண்டட்டும்."

ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடும் உலையின் புகை விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் மெலிந்துகொண்டே வந்தது. சிவப்புத் தூசியைக் கிளப்பிக்கொண்டு வண்டி மெதுவாகத்தான் ஏறியது. அது கண்ணுக்கு மறையும்வரை அந்தத் துறையில் மிச்சமிருந்த ஒருவரும் எழுந்திருக்கவில்லை, ஹெண்டார்த்தோ உட்பட.